ட்ரைஜெமினல்: முக்கிளை நரம்பு

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவதற்குத்தான் ட்ரைஜெமினல் என்று பெயர். முகத்தில் ஈ உட்கார்ந்தால் தெரிவது, பல் கூசுவது, வாயில் போட்டதை மெல்லுவது எல்லாம் இதன் பொறுப்பு.

லத்தீனில் 'ட்ரை' என்றால் மூன்று. 'ஜெமினஸ்' என்றால் இரட்டையாகப் பிறந்தது. 'ட்ரைஜெமினஸ்' என்பது ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள். கண்ணுக்கும் நெற்றிக்கும் ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்றாகப் பிரிவதால் இந்தப் பெயர் வந்தது. தமிழில் முப்பெருநரம்பு என்றும் முக்கிளை நரம்பு என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு முக்கிளைக்குத்தான். ஒரே நரம்பு மூன்றாகக் கிளைக்கிறது என்பது கேட்டதும் புரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்தப் பெயர் சொல்வதில்லை. முதல் இரண்டு கிளைகளும் உணர்ச்சியை மட்டுமே சுமக்கின்றன. வாயில் இருப்பதை மெல்லும்படி சொல்லும் கட்டளை கீழ்த்தாடைக் கிளை வழியாகத்தான் போகிறது. அது புறப்படும் இடம் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ். இதுவும் லத்தீன்தான், பாலம் என்று பொருள். அங்கே இருக்கும் இயக்க நரம்புக்கரு, அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்களின் கூட்டம், கட்டளையிட்டால் தாடை அசையும். கன்னத்தில் விரலை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். கெட்டியாகப் புடைப்பது மாசெட்டர் என்ற தசை. கிரேக்கத்தில் 'மெல்லுவது' என்று பொருள். பொட்டில் புடைப்பது டெம்பொராலிஸ். உள்ளே இருக்கும் டெரிகாய்டு தசைகள் இரண்டும் கைக்கு எட்டாது.

சரி, ஒவ்வொரு மெல்லலுக்கும் நாம் யோசித்தா உத்தரவு போடுகிறோம்? இல்லை. தொடங்குவது நம் விருப்பம். அப்புறம் தாளத்தை மூளைத்தண்டே பார்த்துக்கொள்ளும். பெருமூளையோடு தொடர்பை அறுத்த விலங்குகளிலும் மெல்லும் அசைவை வரவழைக்க முடிந்திருக்கிறது. வாயிலிருந்து வரும் செய்திக்கேற்ப அந்தத் தாளம் மாறவும் செய்யும். கல் கடிபட்டதும் நாம் நினைக்கும் முன்பே தாடை நின்றுவிடுவது அதனால்தான்.

தாடைத் தசையின் இழுவையையும் பல்லின் அழுத்தத்தையும் சொல்லும் உணர்வு நரம்பணுக்களில் பல மூளைத்தண்டுக்கு உள்ளேயே குடியிருக்கின்றன. உடலில் மற்ற உணர்வு நரம்புகளுக்கு அணுவுடல், அதாவது நரம்பணுவின் மையப் பகுதி, வெளியே நரம்பு முடிச்சுகளில்தான் இருக்கும். இது அபூர்வமான விதிவிலக்கு.

இந்த நரம்பைச் சோதிக்க, கடிக்கச் சொல்லிக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபின் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வார். ஒரு பக்க இயக்க நரம்பு பழுதாகியிருந்தால், நல்ல பக்கத்து டெரிகாய்டு தள்ளுவதால் தாடை பழுதான பக்கமாகவே கோணும்.