கால் மைல் நேர்ப்பாதையில் பைக் எப்படிக் கவிழ்கிறது?

நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் அமெரிக்க டிராக் ரேஸின் எளிய விதி. வளைவே இல்லாத பாதையில் மோட்டார் சைக்கிள் எதற்காகக் கவிழ வேண்டும் என்று புதிதாகப் பார்க்க வருபவர் கேட்கக்கூடும். நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் 'டாப் ஃப்யூயல்' வகை பைக்கில் லாரி மெக்பிரைட் 1999-ல் முதன்முதலாக இந்தத் தூரத்தை 6 நொடிக்குள் கடந்தார். இவ்வகை பைக்குகள் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கின்றன. அந்த ஆறு நொடிக்குள் ஓட்டுபவரின் கைக்கும் தார்ப்பரப்புக்கும் இடையில் நடப்பவை பல. பார்வையாளர் காண்பது அவற்றின் முடிவை மட்டுமே.

காதும் இதில் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால், தொடக்கக் கோட்டருகே நிற்பவருக்கு, தூரத்தில் பைக் சாய்ந்து தீப்பொறி பறக்கும் காட்சி கண்ணில் பட்ட பிறகும், என்ஜினின் முழு முழக்கம் ஏறக்குறைய ஒரு நொடி நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும். விழும்போதும் ஆள் ஆக்சிலரேட்டரை விடவில்லை என்று அவர் அடித்துச் சொன்னால், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

முதல் சிக்கல் கிளம்பும்போதே தொடங்குகிறது. பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை, தரைமட்டத்தில் செயல்படுகிறது. பைக்கும் ஆளும் சேர்ந்த எடையின் மையமோ அதற்கு மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாடுதான் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. எடை மையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 70 செ.மீ. முன்னாலும், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருந்தால், பைக்கின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.17 மடங்கைத் தாண்டியதுமே முன்சக்கரம் எழும்பிவிடும். போட்டி பைக்குகளுக்கு இது போதவே போதாது. ஆகவேதான் அவற்றை நீளமாகவும் தாழ்வாகவும் கட்டி, பின்னால் சிறு சக்கரங்கள் பொருத்திய நீண்ட 'வீலி பார்' ஒன்றையும் மாட்டுகிறார்கள். பைக் மல்லாந்து கவிழாமல் அது தாங்கிக்கொள்கிறது. ஆனால் பாரின் மீது எவ்வளவு எடை இறங்குகிறதோ, அவ்வளவு எடை பின் டயரிலிருந்து குறைகிறது. டயரின் பிடியும் அதற்கேற்பத் தளர்கிறது.

டயரின் பிடிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முன்னோக்கித் தள்ளுவதற்கும் பக்கவாட்டில் நிலைத்து நிற்பதற்கும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் டயர் செலவழிக்க வேண்டும். ரஸ் காலின்ஸ் என்ற அமெரிக்க வீரர் 1970-களில் மூன்று ஹோண்டா 750 என்ஜின்களை ஒரே சட்டத்தில் வரிசையாகப் பூட்டி, பன்னிரண்டு சிலிண்டர் பைக் ஒன்றை ஓட்டினார். அத்தனை சக்தியும் தரையைச் சேர, ஒரேயொரு பின் டயர்தான் வழி. 1976-ல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரனில் அந்த பைக் விபத்துக்குள்ளாகி, அவர் பலத்த காயமடைந்தார். தேறி வந்தவர் அடுத்துக் கட்டியது இரண்டு என்ஜின் பைக். அது பழையதைவிட வேகமாகவே ஓடியது.

டயர் வழுக்கிச் சுழலத் தொடங்கினால் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். பைக்கின் பின்பகுதி ஒரு பக்கமாக விலகும். பிசின் கலவை தெளித்து ஒட்டும் தன்மை ஏற்றிய தடத்தை விட்டு ஓரடி நகர்ந்தாலே இது நேரலாம். அப்போது யாருக்கும் தோன்றுவது ஆக்சிலரேட்டரைச் சட்டென மூடுவதுதான். மூடியதும் சுழற்சி நின்று, டயருக்குப் பிடி திரும்புகிறது. ஆனால் பைக் இப்போது ஓடும் திசைக்குக் குறுக்காக நிற்கிறது. பிடித்த டயர் பைக்கை உதறி நேராக்குகிறது, அந்த உதறலில் ஆள் மேலே தூக்கி எறியப்படுகிறார். பந்தயக்காரர்கள் 'ஹைசைடு' என்று சொல்லி அஞ்சுவது இதைத்தான். பயத்தில் கை தானாகச் செய்வதே பைக்கைக் கவிழ்த்துவிடுகிறது என்பதுதான் இந்த விளையாட்டின் ஆகக் கொடிய அம்சம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு வகை, ஹேண்டில்பார் நடுக்கம். தூக்கிய முன்சக்கரம் சற்றே திரும்பிய நிலையில் தரையில் இறங்கினால், அதை நேராக்கும் விசை உடனே வேலை செய்கிறது. நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய், மீண்டும் இழுபட்டுத் திரும்புகிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அதன் முன்சக்கரம் படபடப்பதைப் பார்த்திருப்போம். இதுவும் அதே இயக்கம்தான். பைக்கில் இது நொடிக்கு 4 முதல் 10 முறை வரை நிகழும். மனிதர் ஓர் அதிர்வை உணர்ந்து கையை அசைக்கவே கால் நொடி பிடிக்கும் என்பதால், அவருடைய திருத்தம் பெரும்பாலும் தப்பான பக்கத்துக்கு வந்து சேரும். இந்த ஆட்டத்தை அடக்கவே, எண்ணெய் நிரம்பிய சிறு உருளையாலான ஸ்டியரிங் டாம்பர் பொருத்தப்படுகிறது.

விழுந்த பிறகு நடப்பதுதான் பார்ப்பவரை உறைய வைக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையில் மோதும் செங்குத்து வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான். பைக் நின்றிருந்தாலும் 200-ல் பறந்திருந்தாலும் அது மாறாது. மீதி வேகமெல்லாம் சறுக்கலில் கரைய வேண்டும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் விழுந்தவர், தோலாடைக்கும் தார்ப்பரப்புக்கும் இடையிலான உராய்வு எண் 0.65 என்று கொண்டால், ஏறத்தாழ 280 மீட்டர் சறுக்கி, ஒன்பது நொடிக்கு மேல் கழித்துத்தான் நிற்பார். முடிவில்லாததுபோலத் தோன்றும் அந்த நீளமே அவருக்குப் பாதுகாப்பு: வேகம் தணியும் வீதம், புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே வேகத்தில் வந்து அரை மீட்டருக்குள் நிற்க நேர்ந்தால், அந்த வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 360 மடங்கைத் தாண்டும். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் இரவில் பந்தயம் விடும் இளைஞருக்கு நடுத்தடுப்பும் விளக்குக் கம்பமும் கொடுப்பது இந்த அரை மீட்டரைத்தான். பந்தயத் தளத்தின் கான்கிரீட் சுவர் ஓடுபாதைக்கு இணையாக இருப்பதால், 5 டிகிரி சாய்வில் அதை உரசினால், நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் சுமார் 5 மீட்டர் மட்டுமே சுவரை நோக்கி மோதும்.

ஆள் விழுந்ததும், ஆடிக்கொண்டிருந்த பைக் சில வேளைகளில் தானே நிமிர்ந்து நேராக ஓடத் தொடங்குவதுண்டு. முன்சக்கரத்தின் அமைப்பும் சக்கரங்களின் சுழற்சியும் பைக்கை நிமிர்த்தும் இயல்புடையவை. இறுகப் பிடித்திருந்த கைகள்தான் அதைக் கெடுத்துவந்தன. ஆளில்லாமல் ஓடும் வண்டிக்குச் சக்தி போய்க்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, ஓட்டுபவரின் உடலோடு ஒரு கயிறு கட்டி, மறுமுனையை என்ஜினை அணைக்கும் சுவிட்சில் மாட்டுகிறார்கள். அவர் இருக்கையைவிட்டு எழும்பும் அந்தக் கணத்திலேயே கயிறு பிடுங்கிக்கொள்ள, என்ஜின் அணைகிறது.