பயற்றுப் புரதம்: அறிக்கையில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது?

சோயா மாவு மாதிரிக்கு ‘புரதம் 40%’ என்று அறிக்கை வருகிறது. பெரும்பாலும் அங்கே அளந்திருப்பது நைட்ரஜனைத்தான். வேதியியலாளர் கெல்டால் 1883-இல் வகுத்த முறையில் மாவை அடர் கந்தக அமிலத்தில் செரித்து, பிறகு காரம் சேர்த்து வடித்தெடுத்த அம்மோனியாவை டைட்ரேட் செய்து (அமிலம் சொட்டி அளந்து), கிடைத்த நைட்ரஜனை ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் 6.4% என்றால், 6.25 காரணிக்கு 40%. சோயாவுக்கென்றே உள்ள 5.71-ஐப் போட்டால் 36.5%. மாவு அதேதான், எண் மட்டும் மூன்றரை புள்ளி இறங்கிவிடுகிறது.

6.25 என்பது புரதத்தில் 16% நைட்ரஜன் என்ற கணக்கு. பயறு வகைகளின் சேமிப்புப் புரதங்களில் (விதை தனக்கெனச் சேர்த்துவைக்கும் புரதங்களில்) நைட்ரஜன் மிகுந்த அமினோ அமிலங்களான ஆர்ஜினின், அஸ்பராஜின், குளுட்டமின் அதிகம். ஆகவே நைட்ரஜனும் 16%-ஐத் தாண்டும். போதாததற்கு, புரதத்தில் சேராத நைட்ரஜனும் இந்தக் கணக்கில் ஏறிவிடும். கேசரிப் பருப்பில் உள்ள நரம்பு நச்சு ஓடிஏபி-யே புரதத்தில் சேராத ஓர் அமினோ அமிலம்தான்! காரணி எது, ஈரப்பதம் நீக்கிய கணக்கா என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். 10% ஈரத்தோடு 23% காட்டும் பயறு, உலர் எடைக்கு 25.6% ஆகிவிடும்.

அளவு குறைந்து வந்தால் முதலில் அம்மோனியாவை வடிக்கும் வடிகலனைப் பாருங்கள். காரம் ஊற்றியதும், தாமிர வினையூக்கி போட்ட கரைசல் கருநீலமாகவோ கருப்பாகவோ மாற வேண்டும். மாறவில்லையென்றால் காரம் போதவில்லை, அம்மோனியா முழுதும் வெளியேறாது. குழாய் நுனி, அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் போரிக் அமிலத்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். மேலே நின்றால் வாயு காற்றோடு போய்விடும். செரிமானத்தில் கரைசல் தெளிந்த உடனே அடுப்பை அணைப்பதும் வழக்கமான தவறு. தெளிந்த பிறகும் சூடாக்கினால்தான் மிச்ச நைட்ரஜன் வரும்.

எந்தப் புரதம் என்று பார்க்க ஜெல் ஓட்ட வேண்டும், அதாவது மின்சாரத்தால் புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். தோல் நீக்கி அரைத்த மாவில் ஹெக்சேனால் கொழுப்பை எடுத்துவிட்டு, 1 கிராமுக்கு 10 மி.லி. உப்பு கலந்த பஃபர் (பிஎச் 8) சேர்த்துக் குளிரிலேயே கலக்குங்கள். கருந்தோலின் பாலிஃபீனால்கள் கலந்தால் பட்டைகள் தேய்ந்து தெரியும். ஒரே சாற்றை மெர்கேப்டோ எத்தனால் (டைசல்ஃபைடு எனும் கந்தகப் பிணைப்பை அறுக்கும் பொருள்) சேர்த்தும் சேர்க்காமலும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டிப் பாருங்கள். சேர்க்காததில் 60 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) அருகே நின்ற பட்டை, சேர்த்ததில் 40, 20 என இரண்டாகப் பிரிந்தால் அது லெகுமின் என்ற சேமிப்புப் புரதம். டைசல்ஃபைடு பிணைப்பு அறுந்ததன் அடையாளம். இன்னொரு சேமிப்புப் புரதமான விசிலினில் அந்தப் பிணைப்பு இல்லாததால் அதன் பட்டை இடம் மாறாது.

சத்துக் கணக்கில் இந்த வேறுபாடு முக்கியம். பயறுகளில் லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம். கந்தகம் உள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனின், சிஸ்டீன் குறைவு. விசிலினில் இவை இன்னும் குறைவு. கந்தகம் போதாத மண்ணில் சோயா, கந்தகமே அதிகம் வேண்டாத பீட்டா-கான்கிளைசினின் (சோயாவின் விசிலின்) வகைகளைக் கூட்டிக்கொள்கிறது. நைட்ரஜன் உரத்தை மட்டும் ஏற்றிச் சதவீதத்தை உயர்த்துவதில் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். செரிமானத்தைத் தடுக்கும் பவ்மன்-பர்க் டிரிப்சின் தடுப்பானை இனவிருத்தியில் நீக்குவதும் அவ்வளவு எளிதான முடிவல்ல: அதன் 71 அமினோ அமிலங்களில் 14, பயறில் குறைவாக உள்ள அதே சிஸ்டீன்.

சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ராஜ்மாவைப் பற்றி. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம், நான்கைந்து பச்சை விதைகளிலேயே சில மணி நேரத்தில் கடும் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். 10 நிமிடக் கொதிப்பு லெக்டினை அழிக்கும் என்றாலும், 30 நிமிடம் வைப்பதே பாதுகாப்பு. மெதுவாகச் சூடேறும் மின்பானை 80 டிகிரியிலேயே நின்றால் விதை மென்மையாகிவிடும், நச்சு போகாது. பச்சை விதையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். விரலால் நசுக்கி ‘வெந்துவிட்டது’ என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் வேறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, பிறகே மின்பானையில் போடுங்கள்.