ஃபியார்டு பச்சையாகத் தெரிந்தால் கடல் செழிக்கிறது என்று எழுதாதீர்கள்

ஜூலை பிறந்தால் போதும், கிரீன்லாந்து, நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டு ஆகியவற்றின் கடற்கரைகளைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் வலம்வரத் தொடங்கிவிடும். பனியாறு குடைந்த நீண்ட, ஒடுங்கிய கடற்கழிக்கு ஃபியார்டு என்று பெயர்; அந்தக் கருநீல ஃபியார்டுக்குள் வெளிர்ப்பச்சையாக ஒரு விசிறி விரிந்திருக்கும். அதற்குக் கீழே எப்போதும் ஒரே விளக்கம்: பனியாறு உருகிக் கடலுக்கு உரம் போடுகிறது, பாசி பூத்திருக்கிறது, இனி மீன்வளம் பெருகும். பள்ளிச் செயல்திட்டங்களிலும் நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும் இதைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போன நேரத்தில், கடலியல் படிக்கும் முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களிலும் இப்போது இதுவே வருகிறது. துறைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பச்சை பாசி அல்ல, பாறைத்தூள். நகரும் பனியாறு தன் அடியிலுள்ள பாறையை அரைத்துக்கொண்டே வருகிறது. அரைபட்ட தூள் அவ்வளவு நுண்ணியது. எளிதில் படியாமல் உருகுநீரோடு கடலுக்குள் பரவி, வெயில் ஒளியைச் சிதறடித்து நீரை வெளிர்ப்பச்சையாகக் காட்டுகிறது. திறந்த கடலில் நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு நீரிலுள்ள பச்சையத்தைக் கணக்கிடும் சூத்திரம் நன்றாகவே வேலை செய்யும். அங்கே நீரின் நிறத்தைத் தீர்மானிப்பது மிதவைப்பாசிதான். பனியாற்று முகப்பில் அதே சூத்திரத்தைப் போட்டால், அது வண்டலையும் பச்சையம் என்று எண்ணிக் கூட்டிவிடும். கலங்கல் நீர் பற்றிய எச்சரிக்கைக் குறியீடு தரவுக் கோப்பிலேயே இருக்கிறது. தயவுசெய்து அதைத் திறந்து பாருங்கள். இத்தனைக்கும் பாசி திரளாகப் பெருகும் உண்மையான பூப்பு பெரும்பாலும் இந்தக் கலங்கலைத் தாண்டி, நீர் தெளியும் இடத்தில், பல மீட்டர் ஆழத்தில் இருக்கும். அதைச் செயற்கைக்கோள் பார்ப்பதே இல்லை.

அடுத்து, அந்த ‘உரம்’. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை என்பதால்தான் இது சாகாமல் உலவுகிறது. உருகுநீரில் சிலிக்கா உண்டு, இரும்பும் உண்டு. ஆனால் கிரீன்லாந்துக் கரையோரத்தில் கோடையில் பாசிக்குத் தட்டுப்பாடாக இருப்பது நைட்ரேட் என்ற ஊட்டச்சத்து. உருகுநீரில் அது லிட்டருக்கு 1 அல்லது 2 மைக்ரோமோல் அளவில்தான் இருக்கும். அதே ஃபியார்டின் அடிநீரில் 10 மைக்ரோமோலுக்கு மேல் கிடைக்கும். நைட்ரேட் தீர்ந்துபோன மேல்நீரில் உருகுநீரை எத்தனை கொட்டினாலும் பற்றாக்குறை தீராது. இரும்பின் கதையும் அப்படித்தான். உருகுநீரில் கரைந்துவரும் இரும்பில் பெரும்பகுதி, உப்புநீரோடு கலந்ததும் திரிந்து கீழே படிந்துவிடுகிறது. எஞ்சும் கொஞ்சம் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே நைட்ரேட் மிச்சம், இரும்புக்குத்தான் பஞ்சம். அண்டார்க்டிகாவுக்கு எழுதிய பத்தியை அப்படியே எடுத்துக் கிரீன்லாந்துக்கு ஒட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்தே தெரியும்.

அப்படியானால் சில பனியாற்று முகப்புகளில் மீனும் பறவையும் சீலும் குவிந்து கிடப்பது எப்படி? அங்கே உருகுநீர் உரமாக அல்ல, இறைப்பானாக வேலை செய்கிறது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பனியாற்றில், மேலே உருகிய நீர் விரிசல்கள் வழியே இறங்கி, பனிக்கு அடியில் ஓடி, பல பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் ஆழத்தில் கடலுக்குள் வெளிப்படுகிறது. நன்னீர் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1000 கிலோ, சுற்றியுள்ள கடல்நீர் 1025 கிலோவுக்கு மேல். இலேசான நீர் அடியில் நிற்காது, விறுவிறுவென மேலேறும். மீன்தொட்டியின் அடியில் விட்ட காற்றுக்குழாயின் குமிழிகள் அடிநீரையும் சேர்த்து மேலே தள்ளுவதுபோல, இந்த ஏற்றம் தன் அளவைப்போல் பத்து மடங்குக்கும் கூடுதலான அடிநீரை இழுத்துக்கொண்டு வருகிறது. பாசிக்குக் கிடைக்கும் நைட்ரேட் அந்த அடிநீருடையது. அது கடலின் சொத்து. பனியாறு அதைத் தூக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கை ஒட்டிய கோட்ஹோப் ஃபியார்டில் இது தெளிவாகத் தெரியும். ஏப்ரல், மே மாத வசந்தப் பூப்பு முடிந்தபின், ஜூலை, ஆகஸ்டில் இரண்டாவது பூப்பு ஒன்று வருகிறது. கடலைத் தொடும் மூன்று பனியாறுகள் அந்த ஃபியார்டின் உட்பகுதியில் இருக்கின்றன. வடகிழக்குக் கிரீன்லாந்தின் யங் சவுண்டு ஃபியார்டில் பனியாறுகள் தரையிலேயே முடிந்துவிடுகின்றன. உருகுநீர் ஆறாக ஓடிவந்து கடலின் மேற்பரப்பில் பரவுகிறது. இலேசான அந்த நீர் மூடிபோல் மேலே நிற்க, அடிநீர் அடியிலேயே கிடக்கிறது. கோடைப் பூப்பு மெலிந்துபோகிறது.

இங்கேதான் எல்லாரும் தவறவிடும் இடம். வெப்பம் கூடினால் பனியாறு பின்வாங்குகிறது. பின்வாங்கிப் பின்வாங்கி ஒருநாள் தரையேறிவிடுகிறது. அதற்குப் பிறகு உருகுநீர் இரட்டிப்பானாலும் இறைப்பான் நின்றுபோனதுதான். எவ்வளவு உருகுகிறது என்று மட்டும் கேட்பவர்கள் எந்த ஆழத்தில் நுழைகிறது என்று கேட்பதில்லை. அந்த ஆழமும் அதிகம் இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மிக ஆழத்தில் கிளம்பும் ஏற்றம், வழியிலேயே கனமான நீரோடு கலந்து எடையேறி, வெளிச்சம் எட்டும் அடுக்கைத் தொடாமலே பக்கவாட்டில் பரவிவிடும். ஆகவே ஒரே பனியாறு தன் பின்வாங்கலின் ஒரு கட்டத்தில் ஃபியார்டை ஊட்டலாம், அடுத்த கட்டத்தில் பட்டினி போடலாம். ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கை மீனிலிருந்து பெறும் நாடு கிரீன்லாந்து. அதன் மேற்குக் கரையிலுள்ள இலுலிசாட், உம்மன்னாக், உபெர்னாவிக் பகுதிகளின் ஹாலிபட் மீன்பிடிப்பு நடப்பதே இத்தகைய பனியாறுகள் கடலைத் தொடும் நீர்களில்தான். “உருகினால் மீன் பெருகும்” என்ற ஒற்றை வரியை அந்த மீனவர்களிடம் சொல்லத் துணிவீர்களா?

நேரடிச் சேதமும் உண்டு. உப்பு சட்டென்று குறைந்தால் நட்சத்திரமீனும் கடல்முள்ளெலியும் தாங்காது, உடலின் உப்பைச் சமன்செய்யும் வசதி அவற்றுக்கு இல்லை. ஸ்வால்பார்டின் கோங்ஸ் ஃபியார்டில், முகப்பில் மேலெழும் நன்னீரில் மாட்டும் மிதவை விலங்குகள் செயலிழந்தோ செத்தோ மேலே வருகின்றன. கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக இறங்கிக் கொத்துவது அவற்றைத்தான். பறவைக் கூட்டத்தைப் படமெடுத்து “உயிர்ப்பு மிகுந்த கடல்” என்று தலைப்பிடுமுன் அவை தின்பது என்ன என்று விசாரியுங்கள். அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் பாட்டர் கோவ் என்ற சிறுகுடா இருக்கிறது. அங்கே கரையொதுங்கிச் செத்த, இறால் போன்ற சிற்றுயிர்களான கிரில்களின் குடலில் பாறைத்துகள் நிறைந்திருந்தது. 1990களில் அந்தக் குடாவின் தரையை நிறைத்திருந்த, நீரை வடிகட்டி உண்ணும் கடற்பீச்சிகள், 2010இல் மீண்டும் ஆய்ந்தபோது பல இடங்களில் அருகியிருந்தன. வண்டலைத் தாங்கும் இனங்கள் அங்கே பரவியிருந்தன. உருகுநீரில் காரத்தன்மையும் குறைவு, சுண்ணாம்பு ஓடு கட்டும் உயிர்களுக்கு அதுவும் ஒரு பாரம்.

களத்துக்குப் போகும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். உருகுநீர்ப் படலம் சில இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர்தான் இருக்கும். படகின் விசிறி அதைக் கலக்கிவிட்ட பிறகு அளந்து பயனில்லை. எஞ்சினை நிறுத்தி, படகை நீரோடு மிதக்கவிட்டு, கலங்காத பக்கத்தில் உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியை இறக்குங்கள். மேல் 5 மீட்டரில் மெதுவாக இறக்க வேண்டும். ஒரு வாளி மேல்நீரை மொண்டு “ஃபியார்டின் உப்பு இவ்வளவு” என்று எழுதுவதை நிறுத்துங்கள். பச்சையத்துக்கு வடிகட்டும்போது கண்ணாடியிழை வடிதாள் வண்டலால் சீக்கிரம் அடைபடும்; அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், செல்கள் உடையும். அடைபட்ட இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிலிட்டர் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கா மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்கக் கூடாது, புட்டியே சிலிக்காவை விடும். பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, உறையவிடாமல் 4 டிகிரியில் வையுங்கள். உப்பு குறைந்து சிலிக்கா மிகுந்த நீரை உறையவைத்தால் சிலிக்கா கோர்த்துக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். நைட்ரேட் புட்டி வேறு, அதை உறையவைக்கலாம். வலையில் வந்த மிதவை விலங்குகளில் உயிரோடிருந்தவை எவை, செத்தவை எவை என்று தெரிய வேண்டுமானால், பதப்படுத்துவதற்கு முன்பே, உயிருள்ளவற்றைச் சிவப்பாக்கும் நியூட்ரல் ரெட் சாயத்தில் 15 நிமிடம் ஊறவிட வேண்டும். ஃபார்மலின் ஊற்றிய பிறகு அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய இண்டார்க் என்ற நங்கூரக் கருவித்தொகுதி 2014இல் கோங்ஸ் ஃபியார்டில் இறக்கப்பட்டது. நம் மாணவர்கள் அதன் தரவைப் பயன்படுத்துவது நல்ல செய்தி. ஆனால் இத்தகைய நங்கூரங்களின் மேல்முனையை, மிதக்கும் பனிக்கட்டி மோதாதபடி நீருக்குள் ஆழமாகவே நிறுத்துவார்கள். மேற்பரப்பின் நன்னீர்ப் படலத்தை அது பார்க்காது. “உப்பு குறையவில்லை, ஆகவே உருகுநீரின் தாக்கம் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். படகிலிருந்து எடுத்த மேல்நீர் அளவுகளோடு சேர்த்தே படியுங்கள்.

இமயப் பனி உருகி வங்கக்கடல் மீன்கள் அழிகின்றன என்றும் எழுதுகிறார்கள். வங்கக்கடலின் மேல்நீரில் உப்பு குறைவதற்கு முதன்மைக் காரணம் பருவமழையும் அது பெருக்கெடுக்கச் செய்யும் ஆறுகளும். கங்கை முகத்துவாரத்தை எட்டும் நீரில் பனியாற்றின் பங்கு சிறியது. ஃபியார்டின் கதையை இங்கே இழுத்துவர வேண்டாம்.

அலாஸ்காவுக்குச் சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பனியாற்று முகப்பில் மிதக்கும் கட்டிகள்மேல் தாய்ச்சீல்கள் குட்டி போட்டுப் பாலூட்டுகின்றன. படகு நெருங்கினால் அவை நீரில் குதிக்கும், குளிர்ந்த நீரில் குட்டியின் உடல்வெப்பம் வீணாகும். பனியாற்று ஃபியார்டுகளில் சீல்களிடமிருந்து 500 கெஜம், அதாவது ஏறத்தாழ 450 மீட்டர் விலகியிருக்கச் சொல்கிறது அங்குள்ள வழிகாட்டுதல். சிறு படகில் போகும்போது “இன்னும் கொஞ்சம் பக்கத்தில்” என்று ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.

செய்தி ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். பச்சை ஃபியார்டின் படம் அடுத்த முறை மேசைக்கு வந்தால், அந்தப் பனியாறு கடலில் முடிகிறதா, தரையில் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதே படத்திலேயே தெரிந்துவிடும். கடலில் முடிந்தால், முகப்பின் ஆழம் என்ன என்று அந்த ஃபியார்டை ஆய்பவர் ஒருவரிடம் கேளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், பாறைத்தூள் கலந்த உருகுநீர் என்று மட்டும் படத்துக்கு அடியில் போடுங்கள்.