பியானிஸ்ட்: பொருளும் பிறப்பும், அதற்கேற்ற தமிழும்

‘பியானோ மீட்டினார்’ என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வினைச்சொல்லில் மனம் தட்டி நின்றுவிடுகிறது. நரம்பைச் சுண்டி ஒலிக்கச் செய்வதுதான் மீட்டல். வீணையை மீட்டலாம், யாழை மீட்டலாம். பியானோவின் கம்பியை யாரும் சுண்டுவதில்லை. கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியை அடித்துவிட்டு, உடனே விலகிக்கொள்கிறது.

இது நுணுக்கம் பார்க்கும் வாதம் இல்லை. அந்தக் கருவியின் பெயரே இந்த வேறுபாட்டில்தான் பிறந்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் பரவலாக இருந்த ஹார்ப்சிகார்ட் என்ற கட்டைக் கருவியில், இறகின் முனை கம்பியைச் சுண்டும். கட்டையைத் தடவினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றேதான். சரியாகச் சொன்னால், ‘மீட்டல்’ பொருந்துவது அதற்கு. இத்தாலியின் பிளாரன்ஸில், அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பார்த்துக்கொண்ட பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபொரி, சுண்டுவதை விட்டு அடிக்கும் பொறியை உருவாக்கினார். 1700ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அரண்மனைக் கருவிப் பட்டியல் ஒன்று, அந்தப் புதுமையை ‘மெதுவாகவும் பலமாகவும் ஒலிப்பது’ என்று குறிக்கிறது. இத்தாலிய மொழியில் மெதுவுக்குப் ‘பியானோ’, பலத்துக்கு ‘ஃபோர்த்தே’. இந்தப் ‘பியானோ’வின் வேர் சமதளத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். கிறிஸ்டோஃபொரி செய்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1720ஐச் சேர்ந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் பெயர் சுருங்கியது. ‘பியானோஃபோர்த்தே’யில் பலம் உதிர்ந்து மெதுவு மட்டும் தங்கிவிட்டது. அதோடு, ஒரு தொழிலைச் செய்பவரைக் காட்டும் ‘இஸ்ட்’ விகுதி சேர்ந்ததுதான் பியானிஸ்ட். அந்த இத்தாலியச் சொல்லை வைத்துப் பார்த்தால் ‘மெதுவாளர்’ என்றுகூடச் சொல்லலாம்! அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. பலமாக வாசிப்பதைவிட, பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி மெதுவாக வாசிப்பதுதான் கடினம்.

தமிழில் என்ன சொல்வது? மெதுவும் பலமும் என்ற பொருளை அப்படியே கொண்டுவர ‘மெலிவு’, ‘வலிவு’ என்ற சொற்களை நாடத் தோன்றும். ஆனால் அவற்றுக்குத் தமிழிசையில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மெலிவு, சமன், வலிவு என்பவை கீழ், நடு, மேல் என்ற மூன்று தானங்கள். அவை சுருதியின் உயரத்தைச் சொல்பவை, ஒலியின் அளவை அல்ல. அவற்றைப் பியானோவுக்கு எடுத்துக்கொண்டால் இரண்டு இசை மரபையும் குழப்பிவிடுவோம். ‘கின்னரப்பெட்டி’ என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. கேட்க இனிமைதான். ஆனால் கின்னரம் மீட்டும் கருவி என்பதால் பழைய சிக்கல் திரும்ப வந்துவிடுகிறது. பியானோவைப் பியானோவாகவே விடுவது நல்லது என்பது என் முடிவு.

வாசிப்பவரின் பெயருக்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலோன் என்கிறது, தண்ணுமை முதல்வன் என்கிறது. கருவியை முன்னே வைத்து ஆளைப் பின்னே சொல்லும் அதே வழியில் ‘பியானோ கலைஞர்’ இயல்பாக அமைகிறது. இதை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு மேடையேறுபவரை ‘கச்சேரிப் பியானோ கலைஞர்’ எனலாம். வீட்டிலோ வகுப்பிலோ வாசிப்பவரிடமிருந்து அவரைப் பிரித்துக்காட்ட அந்த முன்னொட்டு வேண்டும்.

அவருடைய நிகழ்ச்சிக்கு வழங்கும் ‘ரிசைட்டல்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ஒரே மேடையில் பாடகர், குழுவினர், பியானோ என்று பலரும் கலந்து வருவார்கள். ஹங்கேரியில் பிறந்த பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் அதை மாற்றித் தனியொருவராக முழு நிகழ்ச்சியையும் வாசித்தார். 1840 ஜூனில் லண்டனில் அவருடைய நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதுவரை அது ஒப்பிப்பதையும் எடுத்துரைப்பதையும் குறித்த சொல். பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று கேட்டவர்களும் உண்டு. தமிழருக்கு அந்தக் கேள்வியே எழாது. புத்தகத்தையும் வாசிக்கிறோம், கருவியையும் வாசிக்கிறோம். ஆகவே ‘மீட்டினார்’ வேண்டாம், ‘வாசித்தார்’ போதும். ரிசைட்டலுக்குத் ‘தனிக்கச்சேரி’ பொருந்தும்.

இந்தத் தொழிலின் நீளத்தை ஜெர்மானியப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனிடம் பார்க்கலாம். 1828இல், ஒன்பது வயதில், லைப்சிக்கின் கெவண்ட்ஹவுஸ் அரங்கில் மேடையேறினார். கடைசிப் பொதுக் கச்சேரி 1891இல். இடையில் எட்டுக் குழந்தைகள், கணவரின் நோய், அவருடைய மரணம், ஓயாத பயணம். இசைக்குறிப்புத் தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். லிஸ்டோ 35 வயதிலேயே, 1847இல், கட்டணக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில் மேடையை விட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனார்.

வயலின்காரர் தன் கருவியைத் தோளில் சுமந்துபோகிறார். பியானோ கலைஞருக்கு அந்த வாய்ப்பு அரிது. ஒவ்வோர் ஊரிலும் முன்பின் பழகாத ஒரு கருவி காத்திருக்கும். பெரும்பாலும் 88 கட்டைகள்தான், ஆனால் ஒன்றின் கட்டை கனமாக இருக்கும், இன்னொன்று தொட்டதும் முழங்கும். கச்சேரிக்கு முன் கிடைக்கும் சில மணி நேரத்தில் அதன் மெதுவு எது, பலம் எது என்று அவர் விரலால் கண்டுபிடித்தாக வேண்டும்.