"பாப்பா எப்படி உள்ள போச்சு?"

குழந்தைகள் மனநல ஆலோசகராக வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துப் பெற்றோரிடம் பேசும்போது, இந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தை ஒட்டித்தான் வரும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா கைக்குழந்தையோடு வீடு திரும்புவார். பாப்பா எங்கிருந்து வந்தது என்று மூத்தது கேட்கும். "இதைக் காசு குடுத்து வாங்கினோம், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார் ஆயா. கேலிதான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கேலி தெரியாது, அப்படியே நம்பிவிடும்.

அந்த வயதுக்கு ஒரு வரி போதும்: "அம்மா வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒண்ணு இருக்கு, பாப்பா அதுலதான் ஒன்பது மாசம் வளர்ந்துச்சு." பெரும்பாலும் அதோடு விளையாடப் போய்விடும். எப்படி வெளியே வந்தது என்று கேட்டால், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன் என்றே சொல்லலாம். சுகப்பிரசவம் என்றால், குழந்தை வெளியே வர அம்மாவின் கால்களுக்கு நடுவே ஒரு வழி இருக்கிறது என்று சொல்லலாம்.

எப்படி உள்ளே போனது என்பது ஆறு, ஏழு வயதுக் கேள்வி. பெற்றோர் அலறுவது இங்கேதான். "நீ என்ன நினைக்கிறே?" என்று முதலில் கேளுங்கள், யாரோ சொன்ன கதை, போனில் பார்த்தது எல்லாம் வெளியே வரும். அப்புறம், அப்பாவின் விந்தணுவும் அம்மாவின் கருமுட்டையும் சேர்ந்து குழந்தை உருவாகிறது என்று சொல்லுங்கள். எப்படிச் சேரும் என்று விடாமல் கேட்கும் பிள்ளைக்கு, ஆணுறுப்பு வழியாகப் போகும், அது பெரியவர்களுக்கு மட்டுமான விஷயம் என்று சொன்னால் குடி முழுகிப் போகாது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், ஒற்றை அறை வீடு. தனி படுக்கையறை இருக்கிறவர்களுக்கு எழுதிய அறிவுரை இங்கே உதவாது. ராத்திரி முழித்துப் பார்த்த பிள்ளை, அப்பா அம்மாவை அடிக்கிறார் என்றே பல நேரம் நினைத்துக்கொள்ளும். மறுநாள் திட்டாதீர்கள், பார்க்காத மாதிரியும் இருக்காதீர்கள். "அது சண்டை இல்ல, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. அது அப்பா அம்மா தனியா இருக்கிற நேரம்" என்றால் பயம் போய்விடும்.

சின்னப் பிள்ளைகள் தங்கள் உறுப்பைத் தொட்டுப் பார்ப்பது இயல்பு. "ஷேம் ஷேம்" என்று கையில் அடிக்க வேண்டாம். எல்லார் முன்னாலும் செய்யக் கூடாது என்று சொன்னால் போதும். புண்ணாகும் அளவுக்குச் செய்தாலோ, பெரியவர்கள் செய்வதை மற்றப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தாலோ, டாக்டரிடமோ ஆலோசகரிடமோ அழைத்து வாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது மஞ்சள் நீராட்டு பேனரைப் பார்க்கும்போது. பெண் வயசுக்கு வந்ததைத் தெருவுக்கே பிளெக்ஸ் அடித்துச் சொல்கிறோம். ரத்தம் ஏன் வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்பது, பத்து வயதிலேயே மாதவிடாய் வரலாம். எட்டு வயதிலேயே சொல்லி வையுங்கள், கூடவே தம்பியும் கேட்கட்டும். அவனுக்கும் குரல் உடையும், தூக்கத்தில் விந்து வெளியேறும். அதை அப்பா சொன்னால் நல்லது.

இப்படிப் பேசிப் பழகிய வீட்டில்தான், மாடி வீட்டு அண்ணனோ சொந்தக்கார மாமாவோ தொட்டதைப் பிள்ளை வாய் திறந்து சொல்லும். சொன்னால் குறுக்கு விசாரணை வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல" என்று முதலில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், அல்லது போலீசிடம் போங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைப்பது குற்றம். தெருப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கிற வேலை கூடவே கூடாது, தொட்டவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.