சுருங்கிப் பொருந்தும் பல்

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்களுக்குக் கையிலேயே ஊறிய கணக்கு ஒன்று உண்டு. ஈரக் களிமண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் முதல் அளவை வைக்க வேண்டும். அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, செய்த பல் லேபில் போன மாதம் நான் பார்த்ததும் இதே கணக்குதான்.

ரூட் கெனால் முடிந்து, கேப்புக்காகப் பல்லைச் செதுக்கியாயிற்று. முன்பு அளவெடுக்க வாய் நிறைய மாவு போல ஒன்றை அப்புவார்கள். அது இறுகும்வரை குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது டார்ச் லைட் போல ஒரு ஸ்கேனர். பலவற்றில் வேலை நடப்பது இப்படி: பல்லின் மேல் ஒளிக்கோடுகள் விழுகின்றன. மேடு பள்ளத்தில் அவை வளைகின்றன. வேறொரு கோணத்திலிருந்து பார்க்கும் கேமரா, வளைவை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் திரையில் பல் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கிறது.

ஆனால் ஸ்கேனருக்குத் தெரிவது ஒளி பட்ட இடம் மட்டுமே. செதுக்கிய பல்லின் விளிம்பு பல நேரம் ஈறுக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். எச்சில் மூடியிருந்தால் எச்சிலையே பல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் டாக்டர் மெல்லிய நூல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சுற்றிப் பொறுமையாகத் திணித்தார். சில நிமிடங்களில் ஈறு விலகி, விளிம்பு சுத்தமாகத் தெரிந்தது. "இந்தக் கோடு கிடைச்சாப் போதும் ஐயா, கேப் உக்காந்துரும்" என்றார். எனக்கு இதுதான் முழு வேலையின் உயிர் என்று தோன்றுகிறது. விளிம்பில் இடைவெளி விழுந்தால், கேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே சொத்தை பிடிக்கும்.

கம்ப்யூட்டரில் பல்லைச் செதுக்கி வடிவமைக்கும் யோசனை புதிதல்ல. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் 1985-லேயே, நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தபடி ஸ்கேன் செய்து, பீங்கான் கட்டையிலிருந்து பல் நிரப்பியைக் கடைந்து பொருத்தினார். பீங்கானைக் கடையலாம். அப்பாவின் கேப்புக்கு எடுத்த ஜிர்கோனியா என்ற மிகக் கடினமான வெள்ளைப் பொருள் அப்படியல்ல. வெந்து முடிந்ததைக் கடைந்தால் வைர முனைகளே சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அதனால் அதை அரைவேக்காட்டில் கடைகிறார்கள். வட்டத் தட்டாக வரும் அந்த ஜிர்கோனியா, சாக்பீஸ் போல இருக்கிறது. மிஷினிலிருந்து வந்த கேப்பை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் பல்லில் வைத்தால் தொளதொளவென்று ஆடும், அவ்வளவு பெரிது. அப்புறம் அது உலைக்குப் போனது. சுமார் 1500 டிகிரி செல்சியஸில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, நடுவே இருந்த காற்றிடம் மறைகிறது. 12.5 மில்லிமீட்டர் நீளம் 10 ஆகிறது. நீள அகல உயரம் மூன்றிலும் இப்படிச் சுருங்குவதால், பருமன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. தட்டுக்குத் தட்டு சுருக்கம் லேசாக மாறும் என்பதால், எத்தனை மடங்கு பெரிதாகக் கடைய வேண்டும் என்ற எண்ணைத் தட்டிலேயே குறித்திருக்கிறார்கள். அதைத் தப்பாகக் கொடுத்தால் ஒன்று கேப் ஏறாது, இல்லையென்றால் நிற்காது.

இவ்வளவு பாடுபட்டு ஜிர்கோனியாவை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் விரிசல் விழத் தொடங்கினால், விரிசலின் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறி லேசாகப் பருக்கின்றன. பருத்தவை விரிசலை இருபுறமும் நெருக்கி, மேலே ஓடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

அப்பாவுக்குக் கீழ்த்தாடையின் மறுபக்கம் ஒரு பல்லே இல்லை. அங்கே இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைக்க வேண்டும். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பில் டிரில் பட்டால் உதடு மரத்துப்போகலாம். அதனால் தாடையின் சி.டி. ஸ்கேன் படத்தையும் வாய் ஸ்கேனையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, நரம்பிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி இடமும் கோணமும் குறிக்கிறார்கள். பிறகு அதே கோணத்தில் துளை வைத்த ரெசின் மூடி ஒன்றை 3டி பிரிண்டரில் அச்சிடுகிறார்கள். பற்களின் மேல் மாட்டியதும், டிரில் அந்தத் துளை காட்டும் வழியில்தான் இறங்கும்.

கேப் ஒட்டுவதற்கு முன் டாக்டர் பற்களுக்கு நடுவே நீலத் தாள் ஒன்றை வைத்து அப்பாவைக் கடிக்கச் சொன்னார். ஓர் ஓரத்தில் கடுகளவு நீலப் புள்ளி. அதை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னார். "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார் அப்பா.