பச்சை பிடித்த ரவை

முல்லைத்தீவுப் பக்கம் கிணறு வெட்டினாலும் வரம்பு கட்டினாலும் மண்வெட்டியில் தட்டுப்படுவது எப்போதும் கல்லாகவே இருப்பதில்லை. கண்ணிவெடி அகற்றுபவர் ஒருவர் அப்படி எடுத்து வைத்திருந்த துவக்கு ரவையைக் கிட்டப் பார்த்தேன். கை நீட்டினால், "தொடாதேங்கோ அண்ணை" என்று தட்டை இழுத்துக்கொண்டார். வெடிமருந்தை அடைத்து, நுனியில் சன்னத்தை (பறந்துபோகும் குண்டை) செருகிய பித்தளைக் கோது முழுக்கப் பச்சை. கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்த மயிரிழைதான் விஷயமே.

துவக்கு வெடித்துச் சிதறாமல் இருப்பது இரும்பின் பலத்தால்தான். ஆனால் சுடுபவரின் முகத்தைக் காப்பது அந்த மெல்லிய கோது. எஸ்எல்ஆர் போன்ற இராணுவத் துவக்கில் மருந்து எரியும்போது, ரவை இருக்கும் அறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 3,000 மடங்குக்கு மேல் போகும். மோட்டார் சைக்கிள் ரயருக்குள் இருப்பது மூன்று மடங்கு அளவுதான். அந்த அழுத்தத்தில் கோது உப்பி, அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துவிடும். சன்னம் போனதும் கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் வெற்றுக்கோது சுலபமாகக் கழன்று விழுகிறது. வெடிப்பு விட்ட கோதால் அப்படி அடைக்க முடியாது. கொதிக்கும் வாயு கண்ணை நோக்கித் திரும்பலாம்.

சரி, வெடிப்பு எப்படி வந்தது? பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். கோதை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்தோடு ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் போதும். மாரி மழைக்கும் மாட்டுப்பட்டிக்கும் வன்னியில் குறைவா என்ன? (டி56 துவக்கின் ரவைகளில் உருக்குக் கோதும் உண்டு. அது பச்சையாகாது, துருப்பிடித்து ஓட்டையாகும்.)

உள்ளே இருக்கும் நைட்ரோசெலுலோஸ் மருந்தும் தானாகவே மெல்லச் சிதையும். அதில் பிறக்கும் அமில வாயு சிதைவை இன்னும் விரட்டும். அந்த வாயுவைப் பிடித்து வைக்க டைபீனைலமைன் என்ற இரசாயனத்தைச் சேர்ப்பார்கள். வருடக்கணக்கான வெக்கையில் அதுவும் தீர்ந்துபோகும்.

பலமான சத்தத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சின்னச் சத்தத்துக்கு. ஈரம் ஏறிய ரவை 'டமார்' என்று வெடிக்காமல் 'புஸ்' என்றால், சன்னம் குழலின் நடுவிலேயே சிக்கியிருக்கலாம். அது தெரியாமல் மறுபடி விசையை இழுத்தால், அடுத்த சன்னம் அதன் முதுகில் போய் முட்டும். குழல் உப்பும், இல்லையென்றால் கிழியும். சத்தமே வராவிட்டாலும் துவக்கின் அறையை உடனே திறக்கக் கூடாது. மருந்து பிந்திப் பற்றலாம் என்பதால், குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி குறைந்தது 30 வினாடி காத்திருக்கச் சொல்வார்கள்.